சூடான ஆயில், சப்பிப்போன குழாய்

மும்பை சசூன் டாக்கில் நிற்கும் எங்கள் படகின் டீசல் என்ஜினிலிருந்து பழைய ஆயிலை வடிக்க, அடியில் தட்டு வைக்கக்கூட இடமில்லை. அதனால் டிரெயின் போல்ட் ஓட்டையில் நிப்பிள் (குழாய் செருகும் சிறு முனை) மாட்டி, குழாய் போட்டு, 12 வோல்ட் கியர் பம்ப்பை இணைத்தேன். 2 லிட்டர் வந்தது. அப்புறம் வெறும் உறுமல்தான்.

பம்ப்பைப் பிரித்தேன், கியரில் குறையில்லை. பேட்டரி வயரை மாற்றினேன், ஜாயின்ட்டுகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றினேன். நாலு நாள் போயிற்று. “ஆயில் கெட்டியா இருக்கும் தம்பி, என்ஜினை ஓடவிட்டு எடு” என்றார் தாராவி மெக்கானிக் அண்ணன். சரியான யோசனைதான். ஆனால் சூடேறியதும் இன்னும் மோசம்! இளகிய ஆயில் சுலபமாக அல்லவா வரவேண்டும்?

பம்ப் ஓடும்போதே குழாயைத் தடவிக்கொண்டு போனேன். என்ஜினுக்குப் பின்னால், வளைவில், வாழைப்பழத் தோல் மாதிரி சப்பையாக ஒட்டியிருந்தது. நிறுத்தினால் மறுபடி உருண்டை. ஆறிய பிறகே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்? சூட்டில் இளகி, பம்ப் இழுக்கும்போது சப்பிப்போகும் தண்ணீர்க் குழாயைப் போட்டது என் கஞ்சத்தனம்.

நாக்தேவி தெருவில் உள்ளே கம்பிச்சுருள் வைத்த ஆயில் குழாய் வாங்கி இரண்டு பக்கமும் மாற்றினேன். நிப்பிளை ஒட்டி ஒரு பித்தளை வால்வும் வைத்தேன். குழாய் கழன்றாலும் ஆயில் படகுக்குள் கொட்டாது. இப்போது சூடாகவே முழுசும் வந்துவிடுகிறது.