டெல்லி பொம்மை அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளுடன் செல்வோருக்கு

டெல்லி பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில், நேரு இல்லத்தில் உள்ள சங்கரின் சர்வதேச பொம்மை அருங்காட்சியகம், கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளையால் 1965-இல் தொடங்கப்பட்டது. ஹங்கேரித் தூதர் அளித்த ஒரே ஒரு பொம்மையில் தொடங்கிய இச்சேகரிப்பில், இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பொம்மைகள் இருக்கின்றன.

பொம்மைகள் எல்லாம் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருப்பதால், தொட்டு விளையாடலாம் என்ற எதிர்பார்ப்புடன் வரும் சிறு குழந்தைகள் சீக்கிரமே முகம் வாடிவிடுவார்கள். ஆகவே இதை வீட்டிலேயே சொல்லி அழைத்து வருவது நல்லது. உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு பேழையாக நின்று பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டுவதைவிட, ஆளுக்கொரு தேடல் வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் தலையணிகளை மட்டும் பார்க்கட்டும், இன்னொருவர் கையில் ஏதேனும் வைத்திருக்கும் பொம்மைகளைத் தேடட்டும். கதகளி பொம்மையின் அகன்ற கிரீடத்தையும் மடிப்பு மடிப்பாக விரிந்த பாவாடையையும் ஜப்பானிய சாமுராயின் கவசத்தோடு ஒப்பிடச் சொன்னால், பெரியவர்கள் கவனிக்கத் தவறிய நுணுக்கங்களைக்கூடப் பிள்ளைகள் எடுத்துச் சொல்வார்கள். மேல்தட்டுகளில் உள்ளவை சிறுவர்களின் கண்ணுக்கு எட்டாது என்பதால், அவ்வப்போது அவர்களைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும் (முதுகுவலிக்காரர்கள் இந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைப்பது உத்தமம்).

ஐ.டி.ஓ. மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால், பயணத் திட்டத்தில் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.