பேட்டரி சர்க்யூட்டில் ரெகுலேட்டர்: மல்டிமீட்டர் 3.30 காட்டினால் போதாது

"சார், ரீடிங் குதிக்குது" என்று புராஜெக்ட் போர்டோடு வந்து நிற்கும் மாணவர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள். பேட்டரி வோல்ட்டேஜை 3.3 போன்ற ஒரே அளவில் நிறுத்தித் தரும் சிப்தான் ரெகுலேட்டர்; அதில் அவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் மாறுவதில்லை. பேட்டரியைத் தலைகீழாகப் போடுவது, பின்னை மாற்றிச் சாலிடர் செய்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை புகைந்து தாமே சொல்லிவிடும்.

கையில் இருக்கிறதே என்று 1117 போடுவது

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 1117தான். அடாப்டரில் ஓடும் சர்க்யூட்டுக்குச் சரி, லித்தியம் செல்லுக்கு ஆகாது. சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லியாம்ப் எடுக்கும். மைக்ரோகண்ட்ரோலர் தூங்கினாலும் 2000 எம்ஏஎச் செல் 17 நாளுக்குள் காலி. அப்புறம், வெளியீட்டைவிட உள்ளீடு 1.1 வோல்ட்டாவது கூடுதலாக வேண்டும். 3.3-க்கு 4.4 ஆகிறது. முழுக்க சார்ஜ் ஏறிய செல்லே 4.2தான்! எம்சிபி1700 என்ற ரெகுலேட்டர் சுமார் 1.6 மைக்ரோஆம்பில் இதே வேலையைச் செய்யும்.

"அதே மதிப்புதானே" என்று கப்பாசிட்டரை மாற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மண் ஈரப்பதம் அளக்கும் போர்டு ஒன்று வந்தது. நான்கு பென்சில் செல், எல்பி2950 ரெகுலேட்டர், வெளியீட்டில் 2.2 மைக்ரோஃபாரட். கேட்ட மதிப்பு சரியாக இருந்தது, ஆனால் டான்டலம் வகைக் கப்பாசிட்டர் விலை அதிகம் என்று செராமிக் வகையைப் போட்டிருந்தார்கள். ரீடிங் ஆடியதும் சென்சாரை மாற்றினார்கள். பிறகு புரோகிராமில் சராசரி எடுத்து ஆட்டத்தை மறைத்தார்கள். கோபம் வந்தது அதற்குத்தான். ஆஸிலோஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில், அதாவது ஆட்டத்தை மட்டும் காட்டும்படி, வைத்து வெளியீட்டைத் தொட்டேன். நேர்கோடு இருக்க வேண்டிய இடத்தில் அலை. மல்டிமீட்டர் அதன் சராசரியைத்தான் 3.30 என்று காட்டிக்கொண்டிருந்தது.

ரெகுலேட்டர் தன் வெளியீட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்கிறது. வெளியீட்டுக் கப்பாசிட்டர் அந்தத் திருத்தத்தைத் தாமதப்படுத்தும். தாமதம் மிஞ்சினால், நிறுத்த வேண்டிய கையே ஊஞ்சலைத் தள்ளிவிடும் கதைதான். பழைய டிசைன் எல்டிஓக்கள் (உள்ளீடு வெளியீட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும் என்கிற ரெகுலேட்டர்கள்), கப்பாசிட்டருக்குள் இருக்கும் சிறு தடையை, அதாவது ஈஎஸ்ஆரை, நம்பித்தான் இந்தத் தாமதத்தைச் சமாளிக்கின்றன. டான்டலத்தில் அது இருக்கும். செராமிக்கில் சில மில்லி ஓம்தான். செராமிக்தான் வேண்டுமென்றால் தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், இல்லையென்றால் எம்சிபி1700 போல செராமிக்கை ஏற்கும் சிப்பை எடுங்கள். டேட்டாஷீட்டில் மைக்ரோஃபாரட் எண்ணைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பாதீர்கள், ஈஎஸ்ஆர் விஷயம் அதற்குக் கீழேதான் இருக்கும்.

சிறிய செராமிக்கின் மதிப்பை அப்படியே நம்புவது

பொடி சைஸில் வரும் 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் செராமிக்கில் 5 வோல்ட் ஏற்றினால் பாதிகூட மிஞ்சாமல் போகலாம்.

250 மில்லியாம்ப் எல்டிஓவில் வைஃபை

வேண்டாம். ஈஎஸ்பி32 போன்ற வைஃபை மைக்ரோகண்ட்ரோலருக்கு அது போதாது, 500 மில்லியாம்ப் தரக்கூடியதைத் தேடுங்கள்.

பேட்டரி அளவு பார்க்க இரண்டு 10கே

பேட்டரி வோல்ட்டேஜைப் பாதியாக்கி அளக்க இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால், 4.2 வோல்ட்டில் ஓயாமல் 210 மைக்ரோஆம்ப் போகும். மெகா ஓம் போடுங்கள், வோல்ட்டேஜை அளக்கும் ஏடிசி பின்னில் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் சேருங்கள்.

5 வோல்ட் பெஞ்ச் சப்ளையில் மட்டும் சோதிப்பது

செல் தீரும் நேரத்து வோல்ட்டேஜிலும் ஓட்டிப் பாருங்கள். வெளியீட்டில் ஒரு ரெசிஸ்டர் லோடைச் சட்டென்று சேர்த்து, எடுத்து, ஸ்கோப்பைக் கவனியுங்கள். ஒரு குதி குதித்து அடங்கினால் சரி. நான்கைந்து தடவை ஆடி அடங்கினால் திரும்பவும் கப்பாசிட்டரிடம் போங்கள்.