‘பாஸிங்’ நாவல்களை எப்படிப் படிப்பது? ரகசியத்தை விடுங்கள், தெரிந்தவர்களைப் பாருங்கள்

வெளுத்த தோலோடு பிறந்த கறுப்பர் ஒருவர், பிறப்பை மறைத்து வெள்ளையராகவே வாழ்ந்துவிடுவதை அமெரிக்காவில் ‘பாஸிங்’ என்பார்கள். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இதை வைத்து நாவல்கள் வந்துகொண்டிருக்கின்றன. கையில் எடுக்கும் பலரும் துப்பறியும் கதை மாதிரிதான் படிக்கிறார்கள்: எப்போது மாட்டுவார், யார் கண்டுபிடிப்பார். அப்படிப் படித்தால் பாதியிலேயே அலுத்துவிடும், ஏனென்றால் ரகசியம் என்னவென்று பின்னட்டையிலேயே போட்டிருப்பார்கள். ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் யாருக்கெல்லாம் விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறார்களோ, அந்த இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். (முடிவுகளையும் சொல்லிக்கொண்டேதான் போகப்போகிறேன், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

ஆனால் அதற்கு முன்னால் கதை நடக்கும் வருடத்தையும், அந்த வருடத்துச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. அந்தத் தகப்பன் பல வீடுகளில் முதலாளியேதான், அதனால் நாலைந்து தலைமுறையில் பார்வைக்கு முழு வெள்ளையாகவே இருக்கும் அடிமைகள் உருவானார்கள். 1892-இல் லூசியானாவில் ஹோமர் ப்ளெஸ்ஸி ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். எட்டில் ஒரு பங்குதான் கறுப்பின ரத்தம், முகத்தைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது, வழக்குப் போடுவதற்காகவே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்டு ஏறியவர் அவர். 1896-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், இனவாரியாகப் பெட்டி பிரிப்பது செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. 1924-இல் வர்ஜீனியா இன்னும் இறுக்கி ஒரு சொட்டுக் கறுப்பின ரத்தம் இருந்தாலும் கறுப்பர்தான் என்ற விதியைச் சட்டமாகவே எழுதி வைத்தது, கலப்புத் திருமணத் தடை நாடு முழுக்க நீங்கியது 1967-இல்தான். இது தெரியாமல் படித்தால், பாத்திரங்கள் ஏதோ கௌரவத்துக்காக நடிக்கிறார்கள் என்று தோன்றும். ரயில் பெட்டி, வேலை, வீடு, சொத்து, கல்யாணம் எல்லாமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, இப்போது பென்சிலோடு நெல்லா லார்சனின் ‘பாஸிங்’ (1929). சிகாகோவில் கொளுத்தும் வெயில், மயக்கம் வரும்போல இருந்த ஐரீன் ஒரு ஹோட்டலின் மொட்டைமாடி உணவகத்தில் போய் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். அங்கே கறுப்பருக்கு இடம் கிடையாது, அவள் நிறத்துக்கு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து மேஜைக்காரி கண்ணெடுக்காமல் பார்க்கிறாள், கண்டுபிடித்துவிட்டாளோ என்று ஐரீனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பார்த்தால் அவள் சின்ன வயதுத் தோழி கிளேர், நிரந்தரமாகவே வெள்ளைக்காரியாக வாழ்கிறவள். அன்றைக்கு அந்த மாடியில் ஒருத்தி அல்ல, இரண்டு பேர் மறைக்கிறார்கள். வாசகர்கள் கிளேரை மட்டும் பிடித்துக்கொண்டு இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து ஒரு தேநீர் விருந்து. கிளேர், ஐரீன், கெர்ட்ரூட் என்று மூன்று கறுப்பினப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் கிளேரின் கணவன் பெல்லூ வருகிறான். மனைவி வருடாவருடம் கறுத்துக்கொண்டே வருகிறாள் என்று கறுப்பரை இழிவாகச் சொல்லும் ஒரு பெயரையே அவளுக்குச் செல்லப்பெயராக வைத்திருக்கிறான். தன் குடும்பத்தில் அந்த ஜாதியே கிடையாது என்று பெருமை வேறு. ஐரீன் சிரிக்கிறாள், நிறுத்த முடியாமல் சிரிக்கிறாள். அங்கே கோடு போடுங்கள். கிளேரின் பொய் அந்த நிமிடத்தில் நிற்பது மற்ற இரண்டு பேரின் மௌனத்தில். பிற்பாடு ஐரீன், பார்த்ததும் கறுப்பினம் என்று தெரிந்துவிடும் ஒரு தோழியோடு கைகோத்து நடந்து போகும்போது பெல்லூ எதிரே வந்துவிடுகிறான், அவனுக்குப் புரிந்துவிடுகிறது, ஐரீன் அதைக் கிளேரிடம் சொல்லவில்லை. ஏன் என்று அவள் சொல்லும் காரணத்தை நம்பாதீர்கள். கதை முழுக்க ஐரீனின் கண் வழியாகத்தான் வருகிறது, அவளுக்குத் தன் கணவனுக்கும் கிளேருக்கும் தொடர்போ என்று ஏற்கெனவே சந்தேகம். கடைசியில் மேல்மாடி ஜன்னலிலிருந்து கிளேர் விழும்போது அவள் கையைப் பிடித்திருந்தது யார் என்பதை உங்கள் கோடுகளே சொல்லும்.

ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் ‘முன்னாள் கறுப்பன் ஒருவனின் சுயசரிதை’யில் (1912) இதற்கு நேர் எதிரான மௌனம் இருக்கிறது. வெள்ளையனாக வாழும் கதைசொல்லி தன் வெள்ளைக் காதலியோடு போகும்போது பள்ளித்தோழன் ஷைனி எதிர்ப்படுகிறான். ஷைனி மறைக்க முடியாத கறுப்பு. ஒரே பார்வையில் நிலைமையைப் புரிந்துகொண்டு, சந்தேகம் வரும்படி ஒரு வார்த்தைகூட விடாமல் பேசிவிட்டுப் போகிறான். அங்கே காட்டிக்கொடுக்காமல் இருப்பது அன்பு. அப்புறம் ஒன்று, இந்தப் புத்தகமே ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்து, உண்மைச் சுயசரிதை என்று பலரை நம்பவைத்தது, ஜான்சன் பெயர் அட்டையில் ஏறியது 1927-இல். நாவலே வேறொன்றாக நடமாடியிருக்கிறது!

மார்க் ட்வைனின் ‘புட்டன்ஹெட் வில்சன்’ (1894) இந்தக் கோடு போடும் முறைக்கு அவ்வளவாக ஒத்துவராது, வெகுகாலம் வரை தெரிந்தவள் ராக்ஸி என்ற அடிமைப் பெண் ஒருத்திதான். முப்பத்திரண்டில் ஒரு பங்கு கறுப்பான தன் குழந்தையை முதலாளி குழந்தையோடு மாற்றிவிடுகிறாள். முடிவுக்காகவே படிக்கலாம்: முதலாளி மகனாக வளர்ந்த ராக்ஸியின் பிள்ளைக்குக் கைரேகையால் குட்டு உடைந்து கொலைகாரன் என்று தண்டனை ஆன பிறகு, அவன் ஒரு சொத்து, சொத்தைச் சிறையில் பூட்டிவைத்தால் எங்களுக்கு நஷ்டம் என்று கடன்காரர்கள் வந்து நிற்கிறார்கள். மன்னித்து விற்றுவிடுகிறார்கள்.

புதியவற்றில் பிரிட் பென்னட்டின் ‘தி வானிஷிங் ஹாஃப்’ (2020) எடுங்கள். வெள்ளைக்காரியாக வாழும் ஸ்டெல்லா, தன் தெருவுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவரப்போகிறது என்றதும் கூட்டத்தில் எழுந்து எதிர்க்கிறாள். வெள்ளை அண்டைவீட்டாரால் அவளைக் கண்டுபிடிக்க முடியாது, கறுப்பர்களால் முடியும் என்ற பயம். பிலிப் ராத்தின் ‘தி ஹ்யூமன் ஸ்டெயின்’ (2000) நல்ல நாவல்தான், ஆனால் என்னைக் கேட்டால் அதில் பிறப்பை மறைத்து வாழும் கோல்மனைவிட அவன் கைவிட்ட அம்மா வரும் பக்கங்கள்தான் கனமானவை.

நம் ஆட்கள் படிக்கும்போது நகரத்தில் ஜாதியை மறைத்து வீடு எடுப்பவர்கள் ஞாபகம் வரும், வரத்தான் செய்யும். ஒரு அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஊரையும் தெருவையும் கேட்டுத் தோண்டுவார்கள், அங்கே முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நினைப்பில் இருக்கும் ஓட்டையில்தான் இந்தக் கதைகள் எல்லாம் நடக்கின்றன.

இத்தனைக்கும் நேரமில்லை என்றால், கேட் ஷோப்பனின் ‘டெசிரீயின் குழந்தை’ (1893) ஒன்றே போதும், சிறுகதை, ஒரே மூச்சில் முடியும். குழந்தை கறுத்துவருகிறது என்று அர்மான் மனைவியைத் துரத்திவிடுகிறான். அவள் பொருட்களையெல்லாம் எரிக்கும்போது அவள் கடிதங்களை எடுத்த அதே மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய கடிதத் துண்டு கிடைக்கிறது, அவன் அம்மா அவன் அப்பாவுக்கு எழுதியது, கறுப்பின ரத்தம் அவன் பக்கத்தில்தான் என்று தெரிகிறது. அர்மான் அந்தக் கடிதத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படிக்கிறானா? கதையை இன்னொரு தடவை படித்து, உங்கள் பதிலை ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் லார்சனுக்குப் போங்கள்.