ஆளில்லாத லயம்: திறந்த உலக விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டு இளைஞர்கள் கணினி விளையாட்டு செய்யப் பழகுகிறார்கள். சொல்லிக் கொடுப்பவன் நான். சென்ற மாதம் ஒரு தம்பி, ஆடுபவர் விரும்பிய பக்கமெல்லாம் சுற்றித் திரியக்கூடிய தன் திறந்த உலக விளையாட்டைத் திறந்து காட்டினான். 40 பேர் வாழும் ஊர். ஒவ்வொருவருக்கும் பசி, தூக்கம், கூலி, கோபம் என்று எல்லாவற்றையும் நிரலில் எழுதியிருந்தான். நான்கு மாத உழைப்பு. ஆட்டம் தொடங்கியதும் திரையில் தெரிந்தது ஒரு வெறிச்சோடிய தெரு. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் கட்டியதும் இதே தெருதான். பொறுக்க மாட்டாமல் இதை எழுதுகிறேன்.

சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் கதாபாத்திரங்கள், விடிந்தும் அணையாத விளக்குகள் போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. இரண்டு நாள் ஆடிப் பார்த்தால் அவை தாமாகவே கண்ணில் படும்.

பார்க்க முடியாத இடத்தில் உயிரைக் கொட்டுவது

என் முதல் விளையாட்டு ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டிய தோட்டத்தை அவர் சொல்லச் சொல்லக் கேட்டு அமைத்தேன். 62 தொழிலாளர்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, 6 மணிக்கு நிரையில் (அவரவர் மர வரிசையில்) வெட்டு, 10 மணிக்குப் பால் எடுப்பு, பிறகு பால் ஸ்டோரில் நிறுவை. காலைக் குளிர்ச்சியில் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். அதையும் விடாமல் கணக்கில் சேர்த்தேன். ஆளுக்கு 500 மரம், மரத்துக்குப் பால் வடியும் கிண்ணமாக ஒரு மங்கு. ஆட்டக்காரர் வரைபடத்தின் மறுகோடியில் இருந்தாலும் ஒவ்வொரு மங்கிலும் சொட்டுச் சொட்டாகப் பால் ஏறிக்கொண்டே இருந்தது. கணினி திணறியது. எட்டு மாதமும் என் சேமிப்பில் 12,000 வெள்ளியும் அதில் போயின.

அக்காள் மகனை உட்கார வைத்து ஆடச் சொன்னேன். ஆட்டம் காலை 9 மணிக்குத் தொடங்கும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தான். இருபது கதவுகளும் சாத்தியிருந்தன. "மாமா, இந்த ஊரில் யாருமே இல்லையா?" என்று கேட்டான். அந்த நொடியில் லயத்துக்குப் பின்னால் 62 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அது அவனுக்குத் தெரிய நான் ஒரு வழியும் வைக்கவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். இன்றும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெரிய நிறுவனங்களும் இங்கே இடறியிருக்கின்றன. 1997இல் வந்த, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் அல்டிமா ஆன்லைனில் ஓர் உயிரினச் சங்கிலியையே அமைத்தார்கள். புல் தின்னும் விலங்குகள், அவற்றைத் தின்னும் விலங்குகள், இரை குறைந்தால் மாறும் நடத்தை என எல்லாம் இருந்தன. உள்ளே வந்த ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்ட விலங்கையெல்லாம் கொன்று குவித்தார்கள். அப்படி ஒரு சங்கிலி இருந்ததே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள்.

உண்மையான தோட்டத்திலும் காலை 9 மணிக்கு லயம் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நிற்பவருக்கு அது பாழடைந்த ஊராகத் தோன்றாது. வேலைக்குப் போவோர் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில் ஒரு குழந்தை அழும். அடுப்பில் தணல் இன்னும் மினுங்கும். கொடியில் துணி சொட்டிக்கொண்டிருக்கும். ஈர மண்ணில் சைக்கிள் தடங்கள் அத்தனையும் காட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். திண்ணையில் கீரை ஆயும் பாட்டி தலையை நிமிர்த்தி, "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்பார். இந்த ஐந்தில் இரண்டையாவது நான் வைத்திருந்தால் அந்தப் பையன் தடத்தைப் பிடித்துக்கொண்டே நிரைக்குப் போயிருப்பான்.

பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினேன். மங்கில் சொட்டும் கணக்கை எடுத்தேன். ஆட்டக்காரர் ரப்பர் காட்டுக்குள் காலடி வைக்கும்போது மணியைப் பார்த்து, அந்த நேரத்துக்கு உரிய அளவில் மங்குகளை நிரப்பினேன். 7 மணிக்குப் போனால் அடியில் ஒரு வெள்ளை வளையம். 10 மணிக்குப் போனால் விளிம்பருகே பால், மேலே ஒரு சருகு மிதக்கும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியவில்லை. 2007இல் வந்த ஸ்டாக்கர் விளையாட்டின் 'ஏ-லைஃப்' அமைப்பும் இந்த வழியில்தான் செல்கிறது: அருகில் இருப்பவர்களுக்கு முழு நடமாட்டம், தொலைவில் இருப்பவர்களுக்குச் சுருக்கக் கணக்கு.

மிச்சமான உழைப்பைத் தடயங்களில் போடுங்கள். செல்டா வரிசையில் 2000இல் வந்த மஜோராஸ் மாஸ்க்கில் மூன்று நாட்கள் திரும்பத் திரும்ப வரும். ஊர்மக்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேர ஒழுங்கு உண்டு. அதை உருவாக்கியவர்கள் ஆட்டக்காரர் கையில் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தார்கள். யாருக்கு எந்த நாளில் என்ன கவலை என்பது அதில் பதிவாகும். அந்த ஏடு இல்லையென்றால் பாதிப் பேரின் வாழ்க்கை கண்ணில் படாமலே போயிருக்கும். என் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒரு பாத்திரத்தின் நேர ஒழுங்கை எழுதுமுன், அவர் இல்லாதபோது எதைப் பார்த்து அவரைத் தெரிந்துகொள்வது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி வரவில்லையென்றால் அந்த ஒழுங்கும் வேண்டாம்.

வெறும் காட்சியான மழை

தோட்டத்தில் விடியற்காலை மழை பெய்தால் பட்டை நனையும். வெட்டினால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் பட்டை முழுவதும் பரவி வீணாகும். ஆகவே வெட்டு இல்லை, அன்றைய கூலியில் அடி, மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு வரி. ஒரே மழை நான்கு இடங்களைத் தொடுகிறது. பிரெத் ஆஃப் த வைல்டில் (2017) மழை பெய்தால் பாறை வழுக்கும், தீ அணையும். இந்த இரண்டு விளைவுகளே போதும், ஆடுபவர் வானத்தைப் பார்த்துத் திட்டம் போடத் தொடங்குகிறார். ஒன்றையொன்று தொடாத இருபது அமைப்புகளைக் காட்டிலும் இப்படி ஒரு சங்கிலி மேல்.

நேர வேகத்தைக் கடைசியில் முடிவு செய்வது

ஸ்கைரிமில் (2011) நம் ஒரு நிமிடம் அங்கே 20 நிமிடம். ஒரு முழு நாள் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். அதே வேகத்தில் என் தோட்டத்தை ஆட்டக்காரர் பத்து நிமிடம் சுற்றினால் 3 மணி 20 நிமிடம் ஓடிவிடும். பால் வெட்டுபவரின் காலை வேலை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். எனவே வேகத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, நேர ஒழுங்கைப் பிறகு எழுதுங்கள்.

மறந்துபோகும் ஊர்

கடையைக் கொள்ளையடித்தவனை மறுநாள் கடைக்காரர் சிரித்து வரவேற்றால் அந்த ஊர் செத்துவிட்டது. ஷேடோ ஆஃப் மோர்டோரில் (2014) உங்களைக் கொன்ற எதிரி பதவி உயர்வு பெறுவான். அடுத்த முறை பார்க்கும்போது பழைய சண்டையைச் சொல்லிக் காட்டுவான். அந்த முறைக்கு வார்னர் பிரதர்ஸ் 2021இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருக்கிறது. ஆகவே அதை அப்படியே எடுத்தாளாதீர்கள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலே போதும்.

எல்லார் வாயிலும் ஒரே வசனம்

வேண்டாம். ஸ்கைரிமில் காவலர் பலரும் முழங்காலில் அம்பு பட்ட அதே கதையைச் சொல்வது நினைவிருக்கட்டும்.

அத்துமீறினாலும் பேசாமல் நிற்கும் மக்கள்

2001இல் வந்த கோதிக்கில் அழைக்காமல் குடிசைக்குள் நுழைந்தால் வெளியே போகச் சொல்வார்கள். குறைந்தது அதையாவது செய்யுங்கள்.

தொடக்க நேரத்தை மாற்றித் தப்பிப்பது

அந்தத் தம்பி தன் தெரு வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்ததும், "ஆட்டத்தை மாலை 6 மணிக்குத் தொடங்கிவிடலாமா அண்ணா? எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்" என்று கேட்டான். நான் ஒப்பவில்லை. ஆட்டக்காரர் மறுநாள் காலையில் அதே தெருவுக்குத் திரும்பி வரத்தான் போகிறார். மணி ஒன்பதாகவே இருக்கட்டும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தான். தெருவில் இப்போதும் யாரும் இல்லை. ஒரு வாசலில் பாதி போட்ட கோலம், அதன் மேல் கோழியின் கால் தடம், பக்கத்தில் கோலமாவுக் கிண்ணம். எதிர்ப்புறம் அமர்ந்திருந்த மற்றொரு மாணவி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவரைத் தேடத் தொடங்கினாள்.