அகல டிஜிட்டல் சிக்னல் அனுப்பும் முன்

அமெச்சூர் ரேடியோவில் குறுஞ்செய்திகளுக்கான எஃப்டி8 முறை சுமார் 50 ஹெர்ட்ஸில் அடங்கிவிடும், ஆனால் ரேடியோ வழியே மெயில் அனுப்ப உதவும் வாரா ஹெச்எஃப் மோடம் வழக்கமான அகலத்தில் 2300 ஹெர்ட்ஸை வளைத்துப் போட்டுக்கொள்ளும், அதனால் டயலில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். யுஎஸ்பியில் (அப்பர் சைட்பேண்ட், அதாவது சிக்னல் டயல் எண்ணுக்கு மேலே உட்காரும் முறை) டயல் 14.105 மெகாஹெர்ட்ஸ், ஆடியோ மையம் 1500 ஹெர்ட்ஸ் என்றால், சிக்னல் உட்காருவது 14.10535 முதல் 14.10765 வரை. அந்த இடம் முழுவதையும் வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைப் படமாகக் காட்டும் திரையில்) பாருங்கள், காதாலும் கேளுங்கள்.

அந்த இடத்தில் வேறு சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கும் பிஸி டிடெக்டரை அணைக்கவே கூடாது. அதுவும் உங்கள் ஆன்டெனாவுக்கு எட்டுவதைத்தான் அறியும்; அங்கே நடக்கும் உரையாடலின் ஒரு முனை உங்களுக்குக் கேட்காமல் இருக்கலாம், எனவே ஒரு நிமிடமாவது பொறுங்கள்.

அப்புறம் ஆடியோ அளவு. ஏஎல்சி (ஆடியோ மிஞ்சினால் டிரான்ஸ்மிட்டரை அடக்கும் சுற்று) முள் அசையாத அளவுக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் சிக்னல் பிதுங்கி பக்கத்தில் பேசுபவர் தலையில் விழும். 14.100 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்களுக்கானது (அலை எங்கே எட்டுகிறது என்று அறிய உதவும் தானியங்கி நிலையங்கள்), அங்கே கை வைக்காதீர்கள். பாண்ட் நெரிசலாக இருந்தால் வாராவின் 500 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மாறுங்கள், வேகம் குறைந்தாலும் மெயில் போய்ச் சேரும்.