சைக்கிள் டூர் நடுவுல ஒரு நாள் ஊர் சுத்திப் பாக்குறது எப்படி? முதல் தடவை இலங்கை போறவங்களுக்கு

மதுரைலருந்து கொழும்புக்கு நேரடி ஃப்ளைட் இருக்குறதால நம்ம ஊரு சைக்கிள் பசங்க முதல் வெளிநாட்டு டூர்னாலே இலங்கையத்தான் யோசிக்கிறாய்ங்க. நல்ல யோசனைதான், அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், போர்டுல தமிழ் இருக்கும், சோறும் கொழம்பும் கெடைக்கும். ஆனா பிளான் போட்டு அனுப்புறப்ப பாத்தா தெனமும் 80, 100 கிலோமீட்டர்னு எழுதிட்டு நடுவுல ஒரே ஒரு நாள் "ரெஸ்ட், சிகிரியா, தம்புள்ள, பொலன்னறுவை"ன்னு ஒரே வரில முடிச்சிருக்காய்ங்க. அது ரெஸ்ட் இல்லங்க. ஊர் பாக்குறதும் காலுக்கு வேலதான், அதுவும் பழக்கமில்லாத வேல. அந்த ஒரு நாள எப்படிப் பிரிச்சுக்கிறதுன்னு வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: ஊர் பாக்குற நாளுக்கு ஒரு இடம்தான்

சிகிரியா 5ஆம் நூற்றாண்டுல காசியப்பன்கிற ராஜா ஒரு பாறை உச்சில கட்டுன அரண்மனை, கிட்டத்தட்ட 1200 படி. ஏறுறது கூட பரவால்ல, சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு மூச்சு தாங்கும். எறங்குறதுதான் பிரச்சன. படி எறங்குறப்ப தொடைச் சதை வெயிட்டத் தாங்கிக்கிட்டே நீளுது, பெடல் மிதிக்கிறப்ப அந்த வேல அதுக்குக் கெடையாது, அதனால வலி அன்னைக்கே தெரியாது, மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் புடிக்கும், அப்ப நீங்க ரோட்டுல இருப்பீங்க. சிகிரியா போயே ஆகணும்னா மறுநாள் ஓட்டுற தூரத்த பாதியாக் கொறைங்க.

புதுசா போறவங்களுக்கு நான் சொல்றது பொலன்னறுவை. சமதரை, இடிபாடுக எல்லாம் சில கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவிக் கெடக்கும், உள்ளயே சைக்கிள்ல போலாம், மர நெழல் நெறைய. நம்ம மதுரக்காரங்களுக்கு அங்க போக இன்னொரு காரணமும் இருக்கு, அத கீழ சொல்றேன்.

ஸ்டெப் 2: தேதி

வீட்டுல தொங்குற காலண்டர்ல பௌர்ணமி என்னைக்குன்னு பாருங்க. அங்க ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், அரசு லீவு, கோயில்கள்ல கூட்டம் நெறையும். அந்த நாள விட்டுட்டு வேற நாள் வைங்க. ஐப்பசி கார்த்திகைல நமக்கு அடிக்கிற அதே வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கமும் கொட்டும், அதையும் பாத்துக்கங்க.

ஸ்டெப் 3: ஒரே ரூம்ல ரெண்டு ராத்திரி

இத மட்டும் கண்டிப்பா செய்ங்க. காலைல ரூம காலி பண்ணி, பேக்க எல்லாம் சைக்கிள்ல கட்டிக்கிட்டு, ஊரப் பாத்துட்டு அப்படியே அடுத்த ஊருக்குக் கெளம்பலாம்னு நெனைக்காதீங்க, கண்ணு சிலை மேல இருக்கும் மனசு பூரா வாசல்ல நிக்கிற பேக் மேலதான் இருக்கும். ரூம் போடும்போதே சைக்கிள உள்ள வைக்க எடம் இருக்கான்னு கேட்டுருங்க. போய்ச் சேந்த சாயங்காலமே துணி தொவைச்சுப் போட்டு, செயினத் தொடைச்சு எண்ணெய் விட்டுட்டா மறுநாள் முழுசா உங்க கையில.

ஸ்டெப் 4: கீழக்குயில்குடில ஒரு ஒத்திகை

கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம காலைல காளவாசல், நாகமலை புதுக்கோட்டை வழியா மதுரைக்குப் பக்கத்துல இருக்குற கீழக்குயில்குடிக்கு ஓட்டிட்டுப் போங்க. ஆலமரம், தாமரைக்குளம் பக்கத்துல சைக்கிளப் பூட்டிட்டு சமணர் மலைப் படில ஏறி பேச்சிப்பள்ளம் வரைக்கும் போங்க. சுனைக்குப் பக்கத்துப் பாறைல தீர்த்தங்கரர் சிலைக வரிசையா இருக்கும், அதுக்குக் கீழ வட்டெழுத்து, அதாவது பழைய காலத்துத் தமிழ் எழுத்து. அவசரப்படாம பாத்துட்டு, எறங்கி, திரும்ப வீடு வரைக்கும் ஓட்டுங்க.

இதுலயே எல்லாம் தெரிஞ்சுரும். கிளிப் வச்ச சைக்கிளிங் ஷூவோட பாறைல நடக்க முடியாது, வழுக்கும், அதனால செருப்பு தனியா வேணும். பூட்டு எந்த மரத்தச் சுத்தி வரும் எதுக்கு வராதுன்னு தெரியும். ஹேண்டில்பார் பையில எதெல்லாம் கையோட வரணும்னு தெரியும், பாஸ்போர்ட், பணம், போன், பவர் பேங்க், இந்த நாலும் சைக்கிள்லயே இருக்கக்கூடாது. மறுநாள் தொடை எவ்வளவு புடிக்குதுன்னும் பாத்துக்கங்க, அத வச்சுத்தான் இலங்கைல ஊர் பாத்ததுக்கு மறுநாள் எவ்வளவு தூரம்னு முடிவு பண்ணணும்.

ஸ்டெப் 5: அந்த நாள்

பாஸ்போர்ட் ஒரிஜினல எடுத்துட்டுப் போங்க, சார்க் (இந்தியாவும் இருக்குற தெற்காசிய நாடுக கூட்டமைப்பு) நாட்டுக்காரங்களுக்கு டிக்கெட்ல சலுகை உண்டு, அதக் காட்டுனாத்தான் கெடைக்கும். தோளும் முட்டியும் மறையணும், சைக்கிளிங் டைட்ஸோட உள்ள போகாதீங்க, ஒரு கைலிய மடிச்சு பையில வச்சுக்கிட்டா போதும், பொண்ணுங்கன்னா லூசா ஒரு பேண்ட். புனிதமான எடம் எல்லாத்துலயும் செருப்பு, தொப்பி ரெண்டையும் கழட்டணும். பத்து மணிக்கு மேல கல் தரை காலச் சுட்டுரும், அதனால பழைய சாக்ஸ் ஒரு ஜோடி வச்சுக்கங்க, சாக்ஸோட நடக்கலாம்.

பொலன்னறுவைல கவுண்டர் தொறந்ததும் டிக்கெட் வாங்கிட்டு, வழில எதுலயும் நிக்காம மொதல்ல வடக்க இருக்குற கல் விகாரைக்குப் போயிருங்க, வெயில் ஏறுறதுக்குள்ள வெறுங்கால்ல நின்னு பாக்கலாம். ஒரே பாறைல செதுக்குன புத்தர் சிலைக, படுத்திருக்குற சிலை மட்டும் சுமார் 14 மீட்டர் நீளம். தலகாணில தல வச்ச எடம் லேசா அமுங்குன மாதிரி செதுக்கிருக்காங்க பாருங்க, கருங்கல்லுல. கிட்டப் போய் அத ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீங்க, அங்க அத அவமரியாதையா எடுத்துப்பாங்க.

இத செதுக்க வச்சது 12ஆம் நூற்றாண்டு ராஜா முதலாம் பராக்கிரமபாகு. மதுரை சிம்மாசனத்துக்காக பாண்டியருக்குள்ளயே சண்ட வந்தப்ப பராக்கிரம பாண்டியனுக்கு உதவியா இங்க படை அனுப்புனாரே, அதே ஆளு. அவருக்கும் முன்னாடி சோழர் இந்த ஊரத்தான் தலைநகரா வச்சிருந்தாங்க. அவங்க கட்டுன கல் கோயில் ஒண்ணு இன்னும் நிக்குது, ரெண்டாம் சிவன் கோயில்னு போர்டுல இருக்கும், வானவன்மாதேவி ஈஸ்வரம்னு பேரு. சுவத்துல தமிழ்க் கல்வெட்டு. நம்ம ஊர் கோயில் சுவர்ல பாத்த எழுத்து கடல் தாண்டி நிக்கிறதப் பாக்குறப்ப ஒடம்பு சிலிர்க்குது, எனக்கு பொலன்னறுவைல புடிச்ச எடம் இதுதான்.

பன்னெண்டு மணிக்குள்ள ரூமுக்குத் திரும்பிருங்க. சாப்பிட்டுத் தூங்குங்க. சாயங்காலம் வேணும்னா பராக்கிரம சமுத்திரம் ஏரிக்கரைல மெதுவா ஒரு ரவுண்டு, அவ்வளவுதான், தம்புள்ளைக்கு ஆட்டோ புடிக்கலாமான்னு யோசிக்காதீங்க.

ஸ்டெப் 6: மறுநாள்

அடுத்து ஹபரணை பக்கம் போறீங்கன்னா சுமார் 45 கிலோமீட்டர், மின்னேரியா காட்ட ஒட்டிப் போற ரோடு, யானை குறுக்க வரும். வழக்கமா நம்ம பண்ற மாதிரி இருட்டுல கெளம்பாதீங்க, நல்லா விடிஞ்சப்பறம் கெளம்பி பொழுது சாயுறதுக்கு ரொம்ப முன்னாடியே போய்ச் சேருங்க. முன்னாடி பஸ், லாரி நின்னா நீங்களும் அதுக்குப் பின்னாடியே நில்லுங்க, பெல் அடிக்காதீங்க, போட்டோ எடுக்க முன்னாடி போகாதீங்க. பொலன்னறுவைலயே ரெண்டு பாட்டிலயும் ரொப்பிருங்க, காட்டு ஓரத்துல தண்ணிக்காக நிக்க வேண்டாம், ஹபரணை ஜங்ஷன்ல கடைக இருக்கு.