ஹார்லெமின் பழைய படத்துக்கு இடமும் ஆண்டும் காண்பது எப்படி?

நியூயார்க்கின் ஹார்லெம், சென்ற நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பண்பாட்டுத் தலைநகராக விளங்கிய பகுதி. அண்மைப் பத்தாண்டுகளில் வாடகையும் மனை விலையும் ஏறியதால், தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல அங்கிருந்து வெளியேறிவிட்டன. அப்பகுதியின் பழைய படம் ஒன்று கைக்குக் கிடைத்தால், அது எந்தக் கட்டடம், எந்தக் காலம் என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடத்திலிருந்து தொடங்குங்கள். 1939 முதல் 1941 வரை, நகர வரித்துறை அரசின் வேலைவாய்ப்புத் திட்டப் பணியாளர்களைக் கொண்டு, வரி மதிப்பீட்டுக்காக நகரின் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தது. அப்படங்கள் நகராட்சி ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் உள்ளன. பெரும்பாலான படங்களில் எண்கள் பொருத்திய பலகை ஒன்று தெரியும்; அதில் இருப்பவை பிளாக் (நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த மனைத் தொகுதி) எண்ணும் மனை எண்ணும் ஆகும். உங்கள் படத்துக்கு உரியதாகத் தோன்றும் முகவரியை நகரின் மனை வரைபடத்தில் தேடி, அந்த எண்களைக் குறித்துக்கொண்டு, காப்பகப் படத்தோடு ஒப்பிடுங்கள். பல மனைகளை இணைத்துப் பெரிய கட்டடம் எழுப்பிய இடங்களில் பழைய மனை எண் மறைந்திருக்கும் என்பதால், அங்கே பிளாக் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் முழுவதையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஒப்பிடும்போது கடைப் பலகைகளை நம்பாதீர்கள். புகைப்படக் கலைஞர் கமிலோ ஹோசே வெர்காரா 1977 முதல் பல பத்தாண்டுகள் கிழக்கு 125ஆம் தெரு 65ஆம் எண் கடைமுகப்பைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். இரவு விடுதியாக இருந்த அவ்விடம் பின்னர் மெத்தைக் கடையாகவும் தேவாலயமாகவும் மாறியது. கூரையோர வேலைப்பாடு, ஜன்னல்களின் எண்ணிக்கை, பக்கத்துச் சுவரோடு சேரும் கோடு ஆகியவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. வாசற்படிக்கட்டு மட்டும் ஏமாற்றக்கூடும்: சில வீடுகளில் அதை இடித்துவிட்டு, பின்னாளில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது காலம். எட்டாவது அவென்யூவில் தூண்களின் மேல் ஓடிய ரயில் 1940இல் நின்றது. ஆகவே படத்தில் அதன் இரும்புப் பாதையைக் கண்டால், அது பெரும்பாலும் அந்த ஆண்டையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்ததாக இருக்கும். தெருப் பெயர்ப் பலகையும் உதவும்: லெனாக்ஸ் அவென்யூவுக்கு 1987இல்தான் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பெயரும் சேர்ந்தது. ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படமானால் ஓரங்களை உருப்பெருக்கியால் பாருங்கள். ஹார்லெமில் ஸ்டுடியோ நடத்திய புகைப்படக் கலைஞர் ஜேம்ஸ் வான் டெர் ஸீ தம் படங்கள் பலவற்றில் கையெழுத்தும் ஆண்டும் இட்டிருக்கிறார்.

இறுதியாக, படத்தில் இருக்கும் மனிதர்களை வெட்டி நீக்கிவிடாதீர்கள். வரித்துறைக்குத் தேவைப்பட்டது கட்டடம் மட்டுமே. ஆயினும் ஜன்னல் கட்டையில் முழங்கை ஊன்றியபடி கேமராவைப் பார்ப்பவரும் படியில் அமர்ந்திருப்பவரும் அதே படத்தில்தான் பதிந்திருக்கிறார்கள். படத்தை விளிம்பு முதல் விளிம்பு வரை, பின்பக்கத்துப் பென்சில் எழுத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். விளக்கக் குறிப்பில், கண்ணால் கண்டதை ஒரு வரியிலும், நீங்கள் ஊகித்ததைத் தனி வரியிலும், அங்கு வாழ்ந்த முதியவர் சொன்னதை அவர் அனுமதியோடு மூன்றாம் வரியிலும் எழுதுங்கள்.